லினக்ஸ் டெஸ்க்டாப்பில் குழு அனுமதிச் சிக்கல்: எங்கே தொடங்கி, எந்த வரிசையில் தேடுவது

"குழுவில் சேர்த்துவிட்டேன், இன்னும் பர்மிஷன் டினைட் என்றே வருகிறது." லினக்ஸுக்குப் புதிதாக வருபவர்களிடம் நான் அதிகம் கேட்ட வரி இது. (குழு என்பது ஒரே உரிமையைப் பகிரும் பயனர் கணக்குகளின் பட்டியல்; பர்மிஷன் டினைட் என்றால் அனுமதி மறுக்கப்பட்டது.) பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால், தட்டிய கட்டளை பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஒரு படியைத் தாண்டியிருப்பார்கள், அல்லது பூட்டு ஒரு கதவில் இருக்க வேறொரு கதவுக்குச் சாவி தேடிக்கொண்டிருப்பார்கள். அரை மணி நேரம் கழித்து பொறுமை போய், எல்லோருக்கும் எல்லா உரிமையும் தரும் 777 என்ற எண்ணை, அனுமதியை மாற்றும் சிஎச்மாட் கட்டளையில் போட்டுவிடுவார்கள். அங்கிருந்துதான் பெரிய பிரச்சினை தொடங்கும்.

அதனால் இந்த வழிகாட்டியில் வரிசைக்குத்தான் முதல் இடம். முதல் நான்கு படிகளில் எதையும் மாற்ற மாட்டோம், பார்க்க மட்டும் செய்வோம். ஐந்தாவது படியில்தான் கை வைக்கிறோம்.

கட்டளைகளைத் தமிழ் எழுத்தில், உச்சரிப்புப்படி எழுதியிருக்கிறேன். டெர்மினலில் அவற்றை ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். எல்லாம் சின்ன எழுத்துதான். பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் தனியாகச் சொல்கிறேன். உதாரணத்துக்குக் கயல் என்று ஒரு பயனர் கணக்கை வைத்துக்கொள்கிறேன். அந்த இடத்தில் உங்கள் கணக்கின் பெயரைப் போடுங்கள்.

1. கை வைக்கும் முன் தயாராக வேண்டியவை

முதலில், இப்போதைய நிலையைப் பதிந்து வையுங்கள்:

ஐடி > ~/முன்பிருந்த-குழுக்கள்

நீங்கள் இப்போது எந்தெந்தக் குழுவில் இருக்கிறீர்கள் என்பது அந்தக் கோப்பில் சேமிக்கப்படும். ஐந்து விநாடி வேலைதான். ஐந்தாவது படியில் தவறு நடந்தால், பழைய பட்டியலை நினைவிலிருந்து மீட்க முடியாது. அப்போது இந்தக் கோப்புதான் உதவும்.

இரண்டாவது, உங்கள் டிஸ்ட்ரோவில் (உபுண்டு, ஃபெடோரா போன்ற லினக்ஸ் வகையில்) குழுவுக்கு என்ன பெயர் என்று தெரிந்துகொள்ளுங்கள். நிர்வாகி உரிமை தரும் குழு டெபியனிலும் உபுண்டுவிலும் சூடோ. ஃபெடோராவிலும் ஆர்ச்சிலும் வீல். மைக்ரோகன்ட்ரோலர் போர்டு போன்றவை இணையும் சீரியல் போர்ட்டுக்கான குழு டெபியன், உபுண்டு, ஃபெடோரா மூன்றிலும் டயல்அவுட்; ஆர்ச்சில் யுயுசிபி. ஒரு டிஸ்ட்ரோவுக்காக எழுதிய குறிப்பை இன்னொன்றில் அப்படியே தட்டினால், அந்தக் குழுவே இல்லை என்று பிழை வரும். அந்தப் பெயரில் ஒரு குழுவை நீங்களே உருவாக்கிவிடாதீர்கள். பெயர் பொருந்தினாலும், சாதனம் அந்தப் புதிய குழுவுக்குச் சொந்தமாக இருக்காது.

மூன்றாவது, திறந்திருக்கும் வேலைகளைச் சேமித்துவிடுங்கள். நடுவில் லாக் அவுட் செய்ய வேண்டியிருக்கும். முடிந்தால் சூடோ உரிமையுள்ள, அதாவது நிர்வாகியாகக் கட்டளை ஓட்டக்கூடிய, இன்னொரு கணக்கும் கணினியில் இருக்கட்டும். ஒன்றில் உரிமை போனால் மற்றொன்றிலிருந்து சரிசெய்யலாம்.

2. பிழைச் செய்தியை எழுத்து விடாமல் படியுங்கள்

அணுகல் மறுக்கப்படும் செய்தியெல்லாம் ஒன்றல்ல. எது வந்தது என்பதைப் பொறுத்துத் தேட வேண்டிய இடம் மாறும்.

"பர்மிஷன் டினைட்" என்றால் அனுமதி விதி தடுத்திருக்கிறது. குழுவைப் பற்றி யோசிக்க வேண்டிய இடம் இதுதான்.

"ஆபரேஷன் நாட் பர்மிட்டட்" வேறு விஷயம். மற்றவருக்குச் சொந்தமான கோப்பின் அனுமதியை மாற்றப் பார்க்கும்போது வரும். கோப்பில் மாற்ற முடியாத பண்பு வைக்கப்பட்டிருந்தாலும் வரும். எல்எஸ்ஏடிடிஆர் கட்டளையின் வெளியீட்டில் ஐ என்ற எழுத்து தெரிந்தால் இந்த இரண்டாவது காரணம். குழுவில் சேர்ந்து இதைத் தீர்க்க முடியாது.

"ரீட்-ஒன்லி ஃபைல் சிஸ்டம்" என்றால் வட்டின் அந்தப் பகுதியே (பார்ட்டிஷன்) படிக்க மட்டும் என்று இணைக்கப்பட்டிருக்கிறது (மவுன்ட்). "டிவைஸ் ஆர் ரிசோர்ஸ் பிஸி" என்றால் வேறொரு நிரல் சாதனத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. "நோ சச் ஃபைல்" என்றால் அந்தப் பெயரில் எதுவும் இல்லை.

இந்தக் கடைசிச் செய்தியில் பலர் ஏமாறுவார்கள். உபுண்டு 22.04இல் மைக்ரோகன்ட்ரோலர் போர்டைச் செருகுவார்கள், சீரியல் போர்ட் ஒரு நொடி தோன்றி மறைந்துவிடும். அதை அனுமதிச் சிக்கல் என்று எண்ணி டயல்அவுட் குழுவோடு மல்லுக்கட்டுவார்கள். சிஎச்340 சிப் உள்ள போர்டுகளில் நடப்பது வேறு. பார்வையற்றோருக்கான பிரெய்ல் காட்சிக் கருவிகளை இயக்கும் பிஆர்எல்டிடிஒய் என்ற சேவை, போர்டைத் தன்னுடைய கருவி என்று நினைத்து எடுத்துக்கொள்கிறது. சூடோ டிமெஸ்ஜி கொடுத்தால் அந்தப் பெயர் அங்கேயே தெரியும்.

3. எதற்கு அனுமதி மறுக்கப்பட்டது என்று பாருங்கள்

தடைபட்ட கோப்பையோ சாதனத்தையோ நேரடியாகப் பாருங்கள்:

எல்எஸ் -எல் /டெவ்/டிடிஒய்யுஎஸ்பி0

(டிடிஒய் சின்ன எழுத்து, யுஎஸ்பி பெரிய எழுத்து.) வழக்கமாக வரும் வரி இப்படி இருக்கும்:

சிஆர்டபிள்யூ-ஆர்டபிள்யூ---- 1 ரூட் டயல்அவுட் 188, 0

முதல் எழுத்து சி, அதாவது எழுத்தெழுத்தாகத் தரவு ஓடும் சாதனம். அடுத்து மும்மூன்றாக ஒன்பது இடங்கள்: உரிமையாளர், குழு, மற்றவர். இங்கே உரிமையாளர் ரூட், அதாவது கணினியின் முழு உரிமையுள்ள நிர்வாகிக் கணக்கு; அவருக்குப் படிக்கவும் எழுதவும் உரிமை உண்டு. டயல்அவுட் குழுவுக்கும் அதே உரிமை. மற்றவர்களுக்கு எதுவும் இல்லை. ஆக, நீங்கள் டயல்அவுட்டில் இருந்தால் போதும். எந்தக் குழுவில் சேர வேண்டும் என்ற கேள்விக்கு இந்த வரியே பதில், வேறெங்கும் தேட வேண்டாம்.

கணினி இந்த மூன்று தொகுதிகளையும் வரிசையாகப் பார்த்து, முதலில் பொருந்துவதோடு நின்றுவிடும். நீங்கள் உரிமையாளர் என்றால் உரிமையாளர் தொகுதி மட்டுமே கணக்கில் வரும். குழுவுக்கு எழுதும் உரிமை இருந்து உரிமையாளருக்கு இல்லை என்றால், நீங்கள் அந்தக் குழுவில் இருந்தும் எழுத முடியாது. அதேபோல, குழுவில் இருப்பவருக்கு மற்றவர் தொகுதியின் தாராளம் கிடைக்காது. இது தெரியாமல், குழுவில் சேர்ந்த பிறகு இருந்த அனுமதியும் போய்விட்டதே என்று குழம்பியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வரியின் தொடக்கத்திலுள்ள பத்து எழுத்துகளுக்குப் பின் ஒரு கூட்டல் குறி இருந்தால், அங்கே தெரியாத கூடுதல் விதிகளும் உண்டு என்று பொருள். கெட்எஃப்ஏசிஎல் கட்டளையோடு கோப்பின் பெயரைக் கொடுத்தால் அவை தெரியும்.

4. ஐடி கட்டளையை இரண்டு விதமாகக் கொடுங்கள்

இந்தப் படியைத் தாண்டுபவர்கள்தான் அதிகம் அலைகிறார்கள். ஒரே டெர்மினலில் அடுத்தடுத்து இரண்டையும் தட்டுங்கள்:

ஐடி
ஐடி கயல்

இரண்டும் ஒன்றுபோலத் தெரிந்தாலும் பதில் வரும் இடம் வேறு. பெயர் இல்லாத ஐடி, இந்த டெர்மினலுக்கு இந்த நொடியில் என்னென்ன குழு உரிமை இருக்கிறது என்று காட்டுகிறது. பெயரோடு தரும் ஐடி, /இடிசி/குரூப் கோப்பில் என்ன எழுதியிருக்கிறது என்று காட்டுகிறது. முதலாவது நடப்பு நிலை, இரண்டாவது பதிவேடு.

இரண்டிலும் டயல்அவுட் இல்லை என்றால் நீங்கள் இன்னும் சேர்க்கப்படவே இல்லை. ஐந்தாவது படிக்குப் போங்கள்.

பெயரோடு தந்ததில் இருக்கிறது, பெயரில்லாததில் இல்லை என்றால் சேர்த்தது சரி, அமர்வு (லாக் இன் முதல் லாக் அவுட் வரை உள்ளது) பழையது. நேராக ஆறாவது படி.

இரண்டிலும் இருக்கிறது, ஆனாலும் மறுப்பு வருகிறது என்றால் குழுவைத் தொடாதீர்கள். ஏழாவது படியிலிருந்து தேடுங்கள். குழுவில் ஏற்கெனவே இருப்பவரைத் திரும்பத் திரும்பச் சேர்ப்பதால் எதுவும் மாறாது.

5. குழுவில் சேர்ப்பது

சூடோ யூசர்மாட் -ஏஜி டயல்அவுட் கயல்

இதில் ஏ சின்ன எழுத்து, ஜி பெரிய எழுத்து. குழுப் பெயர் முதலில், பயனர் பெயர் கடைசியில். மாற்றிப் போட்டால், டயல்அவுட் என்ற பயனர் இல்லை என்று பிழை வரும். அதனால் கெடுதல் எதுவும் இல்லை, திருத்தித் தட்டலாம்.

கெடுதல் வருவது ஏ விடுபட்டால். பெரிய ஜி மட்டும் போட்டால், "இந்தக் குழுவிலும் சேர்" என்று பொருளாகாது. "இனி இந்தக் குழு மட்டும்தான்" என்று பொருள். முதன்மைக் குழுவைத் தவிர மற்ற எல்லாவற்றிலிருந்தும் உங்கள் பெயர் நீங்கிவிடும், சூடோவிலிருந்தும். எந்த எச்சரிக்கையும் வராது. நண்பர் ஒருவர் இப்படிச் செய்துவிட்டு, கட்டளை சத்தமில்லாமல் முடிந்ததைப் பார்த்து வேலை ஆகிவிட்டது என்று கணினியை ரீபூட் செய்தார். அடுத்து அவர் சூடோ கொடுத்தபோது, அவர் பெயர் சூடோயர்ஸ் கோப்பில் இல்லை என்று பதில் வந்தது. ஒரே கணக்குள்ள கணினி அது.

அவர் ரீபூட் செய்யாமல் இருந்திருந்தால் அங்கேயே சரிசெய்திருக்கலாம். அந்த டெர்மினலிடம் பழைய குழு உரிமைகள் இன்னும் இருக்கும், சூடோ அதைத்தான் பார்க்கிறது. அதனால் ஏ-யை விட்டுவிட்டது தெரிந்தால் எதையும் மூடாதீர்கள். முதல் படியில் சேமித்த கோப்பைத் திறந்து, அதிலுள்ள குழுக்களை அதே டெர்மினலில் சின்ன ஏ, பெரிய ஜியோடு திருப்பிச் சேருங்கள். பல குழுக்களைக் காற்புள்ளியால் பிரித்துத் தரலாம், காற்புள்ளிக்குப் பின் இடைவெளி விடக் கூடாது.

ரீபூட் ஆகிவிட்டது என்றால், உபுண்டுவில் கணினி தொடங்கும்போது ஷிஃப்ட் அல்லது எஸ்கேப் விசையால் கிரப் மெனுவைக் கொண்டுவந்து, அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸில் ரெகவரி மோடைத் தேர்ந்து, ரூட் ஷெல்லுக்குள் போங்கள். அங்கே முதல் வேலை:

மவுன்ட் -ஓ ரீமவுன்ட்,ஆர்டபிள்யூ /

இதை விட்டால் வட்டு படிக்க மட்டும் என்ற நிலையிலேயே இருக்கும், யூசர்மாட் எழுத முடியாமல் நிற்கும். பிறகு சூடோ குழுவில் மறுபடி சேருங்கள். ரூட் கணக்கு பூட்டப்பட்டு ரெகவரி ஷெல் திறக்காத டிஸ்ட்ரோக்களில், லைவ் யுஎஸ்பியில் (நிறுவாமலே ஓடும் லினக்ஸில்) ஏறி, உங்கள் வட்டை மவுன்ட் செய்து, அதிலுள்ள இடிசி/குரூப் கோப்பில் நிர்வாகிக் குழுவின் வரிக் கடைசியில் உங்கள் பெயரைச் சேர்த்தால் போதும். வட்டு என்க்ரிப்ட் செய்யப்பட்டிருந்தால் முதலில் அதைத் திறக்க வேண்டும்.

இன்னொரு தடுக்கல். இணையக் குறிப்புகளில் பயனர் பெயருக்குப் பதில் டாலர் குறியும் பெரிய எழுத்தில் யூசர் என்ற சொல்லும் இருக்கும். சாதாரண டெர்மினலில் அது சரிதான். ஏற்கெனவே ரூட் ஷெல்லுக்குள் போய்விட்டு அதைத் தட்டினால், ரூட்டைக் குழுவில் சேர்த்துவிட்டு முடிந்துவிடும். உங்கள் பெயரை எழுத்தாகவே தட்டிப் பழகுங்கள்.

எனக்கு இந்த வேலைக்குப் பிடித்தது சூடோ ஜிபாஸ்டபிள்யூடி -ஏ கயல் டயல்அவுட். இது சேர்க்க மட்டும் செய்யும், மற்ற குழுக்களைத் தொடாது, எந்த எழுத்தை மறந்தாலும் அந்த விபத்து நேராது. இதில் பயனர் பெயர் முதலில் வரும். குழுவிலிருந்து நீக்க ஏ-க்குப் பதில் டி (டெலீட்டின் முதல் எழுத்து).

6. அமர்வை உண்மையாகவே புதிதாக்குங்கள்

ஒரு நிரல் எந்தெந்தக் குழுவுக்குரிய உரிமையோடு ஓடுகிறது என்பது நீங்கள் லாக் இன் ஆகும்போது ஒரே ஒருமுறை தீர்மானிக்கப்படுகிறது. அப்போது /இடிசி/குரூப் கோப்பைப் படித்துக் கணினி பட்டியலை அமர்வுக்கு ஒட்டுகிறது. அங்கிருந்து தொடங்கும் ஒவ்வொரு நிரலும் அதே பட்டியலை வாரிசாகப் பெறும். பிறகு கோப்பை மாற்றினாலும் ஓடிக்கொண்டிருப்பவற்றுக்குத் தெரியாது. இதனால்தான் புது டெர்மினல் சாளரம் திறந்தாலும் பயன் இல்லை. அதுவும் பழைய அமர்வின் பிள்ளைதான்.

லாக் அவுட் செய்து லாக் இன் ஆகுங்கள். திரையைப் பூட்டித் திறப்பதும், கணினியைத் தூங்க வைத்து எழுப்புவதும் லாக் அவுட் ஆகாது.

லாக் அவுட் செய்தும் மாறவில்லை என்று சொல்பவர்களும் உண்டு, அவர்கள் சொல்வது உண்மைதான். சிஸ்டம்டி உள்ள டிஸ்ட்ரோக்களில் ஒவ்வொரு பயனருக்கும் பின்னணியில் ஒரு மேலாளர் நிரல் ஓடும். உங்கள் கடைசி அமர்வும் முடிந்தால்தான் அது போகும், அதுவும் சில விநாடிகள் காத்திருந்து. எங்கோ ஒரு எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து லாக் இன் ஆகும்) இணைப்பு திறந்திருந்தால், அல்லது லாக் அவுட்டுக்குப் பின்னும் மேலாளரை ஓட விடும் லிங்கர் உங்கள் கணக்குக்கு இயக்கப்பட்டிருந்தால், மேலாளர் பழைய பட்டியலோடு அப்படியே இருப்பார். க்னோம் டெர்மினல் போன்றவை இந்த மேலாளர் வழியாகத் தொடங்குவதால், புது அமர்விலும் பழைய குழுக்களே தெரியும். டெர்மினல் வேலைகளைப் பின்னணியில் ஓட விட்டு வைக்கும் டிமக்ஸும் இதே கதை. பழைய டிமக்ஸ் அமர்வோடு மறுபடி இணைந்தால் நேற்றைய குழுக்களோடுதான் இணைகிறீர்கள்.

யார் இன்னும் உள்ளே இருக்கிறார்கள் என்று லாகின்சிடிஎல் லிஸ்ட்-செஷன்ஸ் சொல்லும். தேடிக்கொண்டிருக்க நேரமில்லை என்றால் ரீபூட் செய்துவிடுங்கள். குழுச் சிக்கலில் ரீபூட் சோம்பேறித்தனம் ஆகாது, எல்லாப் பழைய பட்டியலும் ஒரே அடியில் போய்விடும்.

லாக் அவுட் செய்ய முடியாத நேரத்தில் சோதித்துப் பார்க்க மட்டும் ஒரு வழி:

எஸ்யூ - கயல்

கடவுச்சொல் கேட்டு, அந்த டெர்மினலுக்குள் மட்டும் புதிய லாக் இன் ஒன்றைத் தரும். உள்ளே ஐடி தட்டிப் பாருங்கள், புதுக் குழு இருக்கும். நியூஜிஆர்பி டயல்அவுட் என்றாலும் வேலை ஆகும். ஆனால் அது டயல்அவுட்டையே முதன்மைக் குழுவாக்கிவிடும், அந்த ஷெல்லில் உருவாக்கும் கோப்புகளெல்லாம் டயல்அவுட் குழுவின் பெயரில் விழும். அதற்குள் நாள் முழுக்க வேலை செய்யாதீர்கள்.

ஒரு குறிப்பிட்ட செயலி மட்டும் அடம்பிடித்தால் அதையே கேட்டுவிடலாம். பிகிரெப் மூலம் அதன் எண்ணைக் கண்டுபிடித்து:

கிரெப் குரூப்ஸ் /ப்ராக்/எண்/ஸ்டேட்டஸ்

(குரூப்ஸின் முதல் எழுத்து பெரியது.) அந்த நிரல் வைத்திருக்கும் குழுக்கள் எண்களாக வரும். டயல்அவுட்டின் எண்ணை கெட்என்ட் குரூப் டயல்அவுட் சொல்லும்: டெபியனிலும் உபுண்டுவிலும் 20, ஃபெடோராவில் 18. எண் பட்டியலில் இல்லையென்றால் அந்தச் செயலியை முழுதாக மூடி, புது அமர்விலிருந்து திறக்க வேண்டும்.

7. பாதையின் ஒவ்வொரு கதவையும் பாருங்கள்

கோப்பின் அனுமதி சரியாக இருந்தும் திறக்கவில்லை என்றால், அதற்குப் போகும் வழியில் ஏதோ ஒரு கோப்புறை மூடியிருக்கிறது. ஒரு கோப்பை எட்ட, மேலே உள்ள ஒவ்வொரு கோப்புறையிலும் எக்ஸ் உரிமை வேண்டும். கோப்புறையைப் பொறுத்தவரை எக்ஸ் என்றால் உள்ளே நுழைந்து கடந்து போகும் உரிமை.

நேம்ஐ -எல் /ஹோம்/கயல்/பொது/கணக்கு.ஓடிஎஸ்

இந்த ஒரு கட்டளை பாதையின் ஒவ்வொரு படியையும் தனித்தனி வரியாக, அதன் உரிமையாளர், குழு, அனுமதியோடு காட்டும். மேலிருந்து கீழே வாசித்துக்கொண்டு வந்தால் எக்ஸ் இல்லாத இடம் கண்ணில் படும். புதியவர்களுக்கு ஒரே ஒரு கட்டளை கற்றுத்தர நேரம் இருந்தால் இதைத்தான் கற்றுத்தருவேன்.

உபுண்டு 21.04 முதல், புதிதாக உருவாக்கும் பயனரின் ஹோம் கோப்புறை 750 அனுமதியோடு வருகிறது (உரிமையாளருக்கு எல்லாம், குழுவுக்குப் படிக்கவும் நுழையவும், மற்றவருக்கு எதுவும் இல்லை). முன்பு 755, மற்றவரும் படிக்கலாம், நுழையலாம். அதாவது இப்போது மற்றவர்கள் உங்கள் ஹோமுக்குள் எட்டிப்பார்க்கவே முடியாது. உள்ளே ஒரு கோப்புறையை 777 ஆக்கினாலும் வாசல் மூடியிருப்பதால் யாரும் அதை எட்ட முடியாது. பகிர வேண்டியதை ஹோமுக்கு வெளியே, /எஸ்ஆர்வி போன்ற இடத்தில் வையுங்கள். ஹோமைத் திறந்துவிடுவதைவிட அது எவ்வளவோ மேல்.

8. பலர் சேர்ந்து எழுதும் கோப்புறை

முதல் நாள் எல்லாம் நன்றாக நடக்கும். மறுநாள், ஒருவர் உருவாக்கிய கோப்பை இன்னொருவரால் திருத்த முடியாது. புதுக் கோப்பு உருவாக்கியவரின் சொந்தக் குழுவில் விழுவதுதான் காரணம். வரிசை இதுதான்:

சூடோ குரூப்ஆட் அணி
சூடோ எம்கேடிஐஆர் /எஸ்ஆர்வி/பொது
சூடோ சிஎச்ஜிஆர்பி அணி /எஸ்ஆர்வி/பொது
சூடோ சிஎச்மாட் 2770 /எஸ்ஆர்வி/பொது

(அணி என்ற இடத்தில் ஆங்கிலச் சின்ன எழுத்தில் ஒரு பெயர் வையுங்கள், குழுப் பெயருக்கு அதுதான் பாதுகாப்பு.) தொடக்கத்திலுள்ள 2 தான் முக்கியம். அந்த செட்ஜிட் குறியீட்டால், உள்ளே உருவாகும் ஒவ்வொன்றும் கோப்புறையின் குழுவை எடுத்துக்கொள்ளும். குழுவை மாற்றிய பிறகு இதைப் போடுங்கள்.

குழு சரியானாலும் எழுதும் உரிமை, புதுக் கோப்பில் எந்த உரிமைகளைக் கழிப்பது என்று சொல்லும் யுமாஸ்க்கைப் பொறுத்தது. யுமாஸ்க் 022 என்றால் குழுவுக்குப் படிக்க மட்டும்தான் கிடைக்கும். ஒவ்வொருவரின் யுமாஸ்க்கையும் மாற்றச் சொல்லி அலைவதைவிட, கோப்புறையிலேயே இயல்பு விதியை வைத்துவிடலாம்:

சூடோ செட்எஃப்ஏசிஎல் -ஆர் -எம் ஜி:அணி:ஆர்டபிள்யூஎக்ஸ் /எஸ்ஆர்வி/பொது
சூடோ செட்எஃப்ஏசிஎல் -ஆர் -டி -எம் ஜி:அணி:ஆர்டபிள்யூஎக்ஸ் /எஸ்ஆர்வி/பொது

முன்னால் வரும் -ஆர் பெரிய எழுத்து, -டி (டிஃபால்ட்டின் முதல் எழுத்து) சின்னது. கடைசி எக்ஸும் பெரிய எழுத்து. கோப்புறைகளுக்கு மட்டும் நுழையும் உரிமை தந்து, சாதாரண ஆவணங்களை இயங்கு நிரலாக்காமல் விடும். முதல் வரி இருப்பவற்றுக்கு, இரண்டாவது வரி இனி வரப்போவதற்கு. ஒன்றை மட்டும் போட்டுவிட்டுப் பாதிதான் வேலை செய்கிறது என்பவர்கள் நிறைய.

இதற்குப் பின்னும் இரண்டு பொறிகள் உண்டு. ஒன்று, கோப்பை எம்வி மூலம் நகர்த்தி உள்ளே கொண்டுவந்தால் அது பழைய குழுவையும் அனுமதியையும் சுமந்துகொண்டே வரும். சாதாரண சிபி மூலம் நகலெடுத்தால்தான் புதிதாக உருவாகி விதியை ஏற்கும். மற்றொன்று, கூடுதல் விதி உள்ள கோப்பில் சிஎச்மாட் மூலம் குழு உரிமையைக் குறைத்தால் மாறுவது மாஸ்க் என்ற மேல்வரம்பு. கெட்எஃப்ஏசிஎல் வெளியீட்டில் குழுவின் பக்கத்தில் எஃபெக்டிவ் என்று ஒரு குறிப்பு தெரிந்தால், விதி தருவதை மாஸ்க் வெட்டுகிறது என்று பொருள்.

9. சாதனங்கள்

/டெவ் கோப்புறையில் சிஎச்மாட் போட்டால் அது அந்தச் செருகலுக்கு மட்டும். கழற்றிச் செருகினாலோ ரீபூட் செய்தாலோ பழையபடி ஆகிவிடும், ஏனெனில் அந்தக் கோப்புகள் ஒவ்வொரு முறையும் புதிதாக உருவாகின்றன. நிலையான மாற்றம் வேண்டுமானால் /இடிசி/யுடெவ்/ரூல்ஸ்.டி கோப்புறையில் ஒரு யுடெவ் விதி (செருகும் சாதனத்துக்கு என்ன உரிமை என்று சொல்லும் குறிப்பு) எழுத வேண்டும். எழுதிய பிறகு சூடோ யுடெவ்ஆட்ம் கன்ட்ரோல் --ரீலோட் கொடுத்து, சாதனத்தைக் கழற்றிச் செருகுங்கள்.

ஒலி, வெப்கேம் போன்றவற்றுக்குக் குழுவில் சேரவே தேவையில்லை. திரைமுன் உட்கார்ந்திருப்பவருக்கு, அமர்வுகளைக் கவனிக்கும் லாகின்டி என்ற சேவை தானாகவே கூடுதல் விதி ஒன்றைச் சேர்த்துத் தருகிறது, மூன்றாம் படியில் சொன்ன கூட்டல் குறி அங்கே தெரியும். டெஸ்க்டாப்பில் வேலை செய்வது எஸ்எஸ்எச் வழியாக வந்தால் செய்யவில்லை என்பதற்கும் இதுவே காரணம். தொலைவிலிருந்து வருபவர் திரைமுன் இல்லை.

சில குழுக்களில் யோசிக்காமல் சேராதீர்கள். டாக்கர், எல்எக்ஸ்டி, டிஸ்க் ஆகிய மூன்றில் எதில் இருந்தாலும் நடைமுறையில் ரூட் உரிமை வந்துவிடும். டிஸ்க் குழு வட்டையே நேராகப் படிக்கும், எழுதும். கோப்பு அனுமதி எதுவும் அதைத் தடுக்காது. இன்புட் குழுவில் இருக்கும் கணக்கின் எந்த நிரலும் நீங்கள் தட்டும் ஒவ்வொரு விசையையும் படிக்க முடியும், கடவுச்சொல் உட்பட. ஒரு கேம்பேட் வேலை செய்யவில்லை என்பதற்காக இன்புட்டில் சேரச் சொல்லும் குறிப்புகளை நான் பின்பற்றுவதில்லை. அந்த ஒரு சாதனத்துக்கு மட்டும் யுடெவ் விதி எழுதிவிடுகிறேன்.

10. குழு சரி, பாதை சரி, இன்னும் மறுப்பு

முதலில் ஃபைல் சிஸ்டத்தைப் பாருங்கள். ஃபைண்ட்எம்என்டி -டி பாதை (டார்கெட்டின் முதல் எழுத்தான டி, பெரிய எழுத்து) என்று கேட்டால் வகையையும் மவுன்ட் தேர்வுகளையும் சொல்லும். எக்ஸ்ஃபேட், விஃபேட் போன்றவற்றில் லினக்ஸ் அனுமதிகளைப் பதிந்து வைக்க இடமே இல்லை. அங்கே சிஎச்மாட் கொடுத்தால் சில நேரம் பிழை வரும், சில நேரம் எதுவும் நடக்காமல் அமைதியாக முடியும். மவுன்ட் செய்யும்போதே யுஐடி, ஜிஐடி, யுமாஸ்க் தேர்வுகளைத் தர வேண்டும். விண்டோஸும் உள்ள கணினியில் என்டிஎஃப்எஸ் பார்ட்டிஷன் எழுத மறுத்தால், விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைத்துவிட்டு முழுதாக ஷட் டவுன் செய்து பாருங்கள்.

வேறொரு கணினியிலிருந்து வந்த எக்ஸ்ட்4 வட்டு என்றால் எல்எஸ் -எல்என் கொடுங்கள். வட்டில் பதிந்திருப்பது பயனர் எண், பெயர் அல்ல. அங்கே 1001 ஆக இருந்தவர் இங்கே 1000 ஆக இருக்கலாம்.

ஸ்னாப் அல்லது ஃபிளாட்பேக் செயலி என்றால் அதற்குத் தனி வேலி உண்டு. டெர்மினலில் அதே கோப்பு திறந்து, செயலியில் மட்டும் திறக்கவில்லை என்றால் சந்தேகம் வேலி மேல்தான். ஸ்னாப் கனெக்ஷன்ஸ் கட்டளையோடு செயலியின் பெயரைத் தந்தால் எது இணைக்கப்படவில்லை என்று தெரியும். வெளி வட்டுக்கான ரிமூவபிள்-மீடியா பெரும்பாலும் தானாக இணையாது.

குழு அனுமதிக்கு மேல் இன்னொரு பாதுகாப்பு அடுக்கும் உண்டு: ஃபெடோராவில் எஸ்இலினக்ஸ், உபுண்டுவில் ஆப்ஆர்மர். இவை மறுத்தால் ஜர்னலில் (கணினியின் நிகழ்வுப் பதிவில்) தடயம் இருக்கும். சூடோ ஜர்னல்சிடிஎல் -பி (பூட்டின் முதல் எழுத்து, சின்னது) கொடுத்து, பிழை வந்த நேரத்தை ஒட்டி டினைட் என்ற சொல்லைத் தேடுங்கள். எஸ்இலினக்ஸில் கோப்பின் லேபிள்தான் தவறு என்றால் ரீஸ்டோர்கான் சரிசெய்துவிடும். எஸ்இலினக்ஸையே அணைத்து வைக்கத் தேவையில்லை.

11. ஏற்கெனவே 777 போட்டுவிட்டவர்களுக்கு

ஹோம் கோப்புறைக்குள் மட்டும் என்றால் மீட்கலாம். முதலில் எஸ்எஸ்எச்: .எஸ்எஸ்எச் கோப்புறைக்கு 700, அதனுள் உள்ள தனிச் சாவிகளுக்கு 600. மற்றவர்கள் படிக்கக்கூடிய தனிச் சாவியை எஸ்எஸ்எச் ஏற்காது.

மீதிக்கு, எட்டாவது படியில் பார்த்த பெரிய எக்ஸ் உதவாது. 777க்குப் பிறகு எல்லாக் கோப்பிலும் எக்ஸ் ஏறியிருப்பதால், அது எதையும் நீக்காது. எந்தக் கோப்புறை கெட்டதோ அதற்குள் போய், கோப்புறைகளையும் கோப்புகளையும் பிரித்துத் தட்ட வேண்டும் (டைப்புக்குப் பின் வரும் டி, டைரக்டரியின் முதல் எழுத்து):

ஃபைண்ட் . -டைப் டி -எக்ஸெக் சிஎச்மாட் 750 {} +
ஃபைண்ட் . -டைப் எஃப் -எக்ஸெக் சிஎச்மாட் 640 {} +

இதற்குப் பின் உங்கள் சொந்த ஸ்கிரிப்டுகளுக்கு எக்ஸ் போயிருக்கும், அவற்றுக்குத் தனியாகத் திருப்பித் தாருங்கள். ஹோம் முழுவதும் இதை ஓட்டியிருந்தால், எஸ்எஸ்எச் அனுமதிகளைக் கடைசியில் இன்னொரு முறை போடுங்கள்.

சூடோவோடு வரைகலைச் செயலிகளைத் திறந்ததால் ஹோமில் ரூட்டுக்குச் சொந்தமான கோப்புகள் சிதறியிருக்கலாம். ஃபைண்ட் ~ ! -யூசர் கயல் அவற்றைப் பட்டியலிடும். லாக் இன் செய்தால் மறுபடி லாக் இன் திரைக்கே திரும்பும் சிக்கலுக்கு, .எக்ஸ்ஆதாரிட்டி கோப்பு ரூட் கைக்குப் போனதும் ஒரு காரணம். பட்டியலைப் பார்த்துவிட்டு, வேண்டியவற்றை மட்டும் சிஎச்ஓன் கட்டளையால் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். பாட்மேன் கன்டெய்னர்களை ரூட் இல்லாமல் ஓட்டுபவர்களுக்கு 100000க்கு மேற்பட்ட எண்களில் கோப்புகள் தெரியும். அவை அப்படித்தான் இருக்க வேண்டும், தொடாதீர்கள்.

ரூட் கோப்புறையில், அதாவது வெறும் சாய்கோட்டில், சிஎச்மாட் அல்லது சிஎச்ஓன் முழு ஆழத்துக்கும் ஓடிவிட்டது என்றால் நிலை வேறு. சூடோ நிரல், தன்னை ரூட்டாக ஓட வைக்கும் செட்யுஐடி குறியீட்டையோ ரூட் உரிமையையோ இழந்து, ஓடவே மறுக்கும். ஒவ்வொரு கோப்பின் பழைய அனுமதியையும் கையால் மீட்பது நடவாத காரியம். லைவ் யுஎஸ்பியில் ஏறி, ஹோமை வேறு வட்டுக்கு நகலெடுத்துவிட்டு, ஓஎஸ்ஸைப் புதிதாக நிறுவுங்கள். ஹோமைத் திருப்பி வைத்த பின் எல்எஸ் -எல்என் கொடுத்து, கோப்புகளின் பயனர் எண்ணும் புதுக் கணக்கின் எண்ணும் ஒன்றுதானா என்று பார்த்துவிட்டு லாக் இன் ஆகுங்கள்.